தேவசகாயம் எதற்காகக் கொல்லப்பட்டார்?

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகும் வழியில் புலியூர்க்குறிச்சி வரும். சாலைக்குப் பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளே, இடிந்துபோன ஒரு சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் அவர். பிடித்த மன்னரே அவரைத் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். போகப் போக, 'வலிய கப்பித்தான்' என்று நாடே அழைக்கும் தளபதி ஆனார். 1777-இல் இறந்தபோது மரியாதையோடு இங்கே அடக்கம் செய்தார்கள். கல்லறையின் மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது.

அதே ஊரில்தான் முட்டிடிச்சான்பாறையும் இருக்கிறது. சங்கிலியில் கட்டி இழுத்து வரப்பட்ட தேவசகாயம், தாகம் தாங்காமல் முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் ஊறியது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தச் சின்னக் குழியில் ஊறும் நீரை, வருகிறவர்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

இரண்டு பேரும் கத்தோலிக்கர்கள். ஒரே மன்னரின் கீழ் வேலை பார்த்தவர்கள். தேவசகாயம் கிறிஸ்தவர் ஆனதே டிலனாய் சொல்லித்தான். அப்படியிருக்க, ஒருவருக்குக் கோட்டைக்குள் கோயிலும் கல்லறையும் கிடைத்தன. மற்றவருக்குச் சங்கிலியும் துப்பாக்கிக் குண்டும் கிடைத்தன. இது ஏன் என்று மறைக்கல்வி வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. "கிறிஸ்தவர் ஆனதால் கொன்றார்கள்" என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். அது பாதிப் பதில்தான் என்று நான் நினைக்கிறேன். மீதிப் பாதியைப் பேச நமக்குத் தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில், 1712-இல், வசதியான நாயர் குடும்பத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. பத்மநாபபுரம் அரண்மனையைச் சேர்ந்த பணியில் இருந்தார். ஒரு காலத்தில் மாடுகள் செத்தன, பயிர் போனது, வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இழப்பு. மனம் உடைந்து இருந்தவருக்கு டிலனாய் யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத மனிதனின் கதை. அது அவரைப் பிடித்துக்கொண்டது. 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார். 1749-இல் கைது செய்யப்பட்டார். மூன்று வருடம் ஊர் ஊராக அடியும் அவமானமும். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். காட்டில் போடப்பட்ட உடலின் மிச்சத்தை எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் கோயிலுக்குள் அடக்கம் செய்தார்கள். 2012-இல் அருளாளர், அதாவது புனிதருக்கு முந்தைய படி. 2022 மே 15 அன்று ரோமில் புனிதர்.

இந்த வரலாற்றை மறுக்கிறவர்கள் இருக்கிறார்கள். மதம் மாறியதற்காக மார்த்தாண்ட வர்மா யாரையும் கொன்றதற்குத் திருவிதாங்கூர் ஆவணங்களில் ஆதாரம் இல்லை, அந்த மன்னர் கிறிஸ்தவர்களிடம் நன்றாகவே நடந்துகொண்டார் என்று கேரள வரலாற்றாசிரியர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். நம்மவர்களில் பலர் இதைக் கேட்டாலே கொதிக்கிறார்கள். நான் கொதிக்கவில்லை. அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை என்பதற்கு உதயகிரிக் கோட்டையே சாட்சி. மன்னருக்குக் கிறிஸ்தவத்தின் மேலேயே வெறுப்பு இருந்திருந்தால் டிலனாயைத் தளபதியாக வைத்திருக்க மாட்டார்.

ஆனால் அதிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவை நான் ஏற்கவில்லை. டிலனாய் அந்நியர். அவர் என்ன சாப்பிட்டார், யாரோடு உட்கார்ந்தார், எந்தக் கோயிலில் முழங்காலிட்டார் என்பதால் நாட்டின் ஒழுங்கில் ஒரு கல்கூட நகராது. நீலகண்ட பிள்ளை அப்படி இல்லை. எந்தச் சாதிக்காரன் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு அது. அவர் இறந்து நூறு வருடம் கழித்து, 1859-இல்தான், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசாணை வந்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. அப்படிப்பட்ட நாட்டில், அரண்மனை வேலையில் இருக்கும் ஒரு நாயர், தள்ளி நிற்க வேண்டியவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து செபித்தார், அவர்கள் வீட்டில் சாப்பிட்டார், எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று வாய்விட்டுச் சொன்னார். புனிதர் பட்டத்துக்கான அறிவிப்பு வந்தபோது வத்திக்கான் எழுதிய வாழ்க்கைக் குறிப்பிலும் இது இருந்தது: சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் சமம் என்று வற்புறுத்திப் போதித்தார், அதனால் மேல்சாதியாரின் வெறுப்பு எழுந்தது, பிறகு கைது என்ற வரிசையில்.

1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்துத் தன்னைப் பத்மநாப தாசன் என்று அறிவித்துக்கொண்டார். தேவசகாயம் அப்போது சிறையில் இருந்தார். கோயிலும் அரசும் சாதியும் ஒன்றாகப் பின்னப்பட்ட அந்த நேரத்தில், அரண்மனைக்குள்ளிருந்தே ஒருவர் வரிசையைக் கலைத்தால் சும்மா விடுவார்களா? விசுவாசத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு, வாழ்க்கையைப் பழையபடி நடத்தியிருந்தால் அவரை விட்டிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மலைப்பொழிவில் இயேசு சொன்னது இங்கேதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. "நீதியின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோர் பேறுபெற்றோர்" என்கிறார். அதற்குச் சில வரி முன்னால், நீதியை நிலைநாட்டும் வேட்கை கொண்டவர்களைப் பேறுபெற்றோர் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்ததாகவே இரக்கமுடையோர். எட்டுப் பேறுகளையும் எட்டுத் தனித்தனிப் பரிசு மாதிரி நாம் மனப்பாடம் செய்கிறோம். இவர் வாழ்க்கையில் அவை ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருகின்றன. நீதிக்கான பசி வந்தது, அதனால் பந்தி மாறி உட்கார்ந்தார், உட்கார்ந்ததால் அடி விழுந்தது. அடி விழுந்த இடத்தில் இரக்கம் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

அவர் பட்ட பாட்டைப் பற்றி மக்கள் பரம்பரையாகச் சொல்லிவருவது நிறைய. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மாட்டின் மேல் பின்புறமாகத் திருப்பி உட்காரவைத்து ஊர்வலம். அடித்த காயத்தில் மிளகாய்ப்பொடி தடவி வெயிலில் நிறுத்துவது. நாட்டின் பெரிய ஆள் ஒருவரை எல்லாரும் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் செய்ததெல்லாம். எருமையின் மேல் ஏற்றியதில் உடம்பு வலியைவிட அவமானம்தான் குறி. எந்தச் சாதிப் பெருமையை விட்டு இறங்கினாரோ அதைப் பறித்துக் காட்டுகிறோம் என்று நினைத்தார்கள். அவரோ அதை முன்பே இறக்கி வைத்துவிட்டார். அதனால் அந்தத் தண்டனை எதிர்பார்த்த வேலையைச் செய்யவில்லை. சிரிக்க வந்த ஜனங்கள் போகப் போகப் பார்க்க வந்தார்கள், பிறகு ஆசீர்வாதம் கேட்டு வந்தார்கள்.

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் பெருவிளை. அங்கே ஒரு வேப்பமரத்தில் அவரைக் கட்டி வைத்திருந்தார்கள். காவல், அந்த ஊர் ஆராச்சாரின் பொறுப்பு. ஆராச்சார் என்றால் மரண தண்டனையை நிறைவேற்றுகிறவர். அந்த மனிதருக்குப் பிள்ளை இல்லை. தேவசகாயம் அவருக்காகச் செபித்தார், பிள்ளை பிறந்தது என்பது மரபுக்கதை. இதை வரலாறு என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் ஒரு சமூகம் இத்தனை தலைமுறையாக எதை நினைவில் வைத்திருக்கிறது என்பது முக்கியம். எத்தனையோ அற்புதக் கதைகள் சொல்லியிருக்கலாம்: ஆராச்சாரின் கை விளங்காமல் போனது, வீடு எரிந்தது என்று. அப்படி ஒரு பழிவாங்கும் கதையைக் கட்டாமல், தன்னைக் கொல்லப் போகிறவனின் வீட்டில் தொட்டில் ஆட வேண்டும் என்று செபித்த மனிதராகத்தான் எங்கள் பாட்டிமார் அவரை நினைவில் வைத்தார்கள். இரக்கம் என்று நான் இதைத்தான் சொல்கிறேன்.

ரோமில் அவரோடு அன்றைக்குப் புனிதர் பட்டம் பெற்றவர்களில் டச்சுக் கார்மேல் சபைத் துறவி டைட்டஸ் பிரான்ட்ஸ்மாவும் ஒருவர். நாஜிகளின் விளம்பரங்களைப் போடாதீர்கள் என்று கத்தோலிக்கப் பத்திரிகைகளிடம் போய்ச் சொன்னதற்காகப் பிடிபட்டு, 1942-இல் டாக்காவ் முகாமில் விஷ ஊசியால் கொல்லப்பட்டவர். ஊசி போட வந்த நர்ஸிடம் தன் செபமாலையைக் கொடுத்தார். எனக்கு செபம் தெரியாது என்றாளாம் அந்தப் பெண். பின்னாளில் அவளே அவருக்காகச் சாட்சி சொன்னாள். பெருவிளை வேப்பமரத்தடியும் டாக்காவ் மருத்துவக் கொட்டகையும் எங்கெங்கோ இருக்கின்றன. இரண்டிலும் நடந்தது ஒன்று.

சரி, வடக்கன்குளத்துக்கு வருகிறேன். எனக்கு நெஞ்சு கனக்கும் இடம் அது.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர். அவர் கொல்லப்பட்ட பிறகு ஞானப்பூ போய் வாழ்ந்து முடித்த ஊரும் அதுதான். கணவனின் உறவும் தன் உறவும் கைவிட்ட அந்தப் பெண்ணுக்கு அங்கேயிருந்த கிறிஸ்தவர்கள்தான் குடும்பம். அந்த ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஒரு பெரிய கோயில் கட்டினார்கள். ஒரே பீடம், பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் பிரிந்து போகும். ஒன்றில் பிள்ளைமார், முதலியார்கள். மற்றதில் நாடார்களும் மற்றவர்களும். நடுவில் சுவர். பலிபூசை வைக்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கத்து முகம் தெரியாது. அந்த வடிவத்தைப் பார்த்துக் கால்சட்டைக் கோயில் என்ற பெயர்கூட வந்தது.

யோசித்துப் பாருங்கள். சாதிச் சுவரைத் தாண்டியதற்காக அடிபட்டுச் செத்த மனிதர், எந்த ஊரில் தலையில் தண்ணீர் வாங்கினாரோ அதே ஊரில், அவர் பெயரைச் சொல்லி வளர்ந்த மக்கள், கோயிலுக்குள்ளேயே சுவர் வைத்தார்கள். இதற்கு மார்த்தாண்ட வர்மாவைக் குற்றம் சொல்ல முடியாது.

1910-இல் பங்குக் குருவாக இருந்த சேசு சபையின் கௌசானல் அந்தச் சுவரை இடித்தார். உடனே ஒரு தரப்பு வழக்குப் போட்டது. தங்களுக்குத் தனி இடம் வேண்டும், அது தங்கள் பரம்பரை உரிமை என்று. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. கோயிலுக்குள் சாதி அடிப்படையில் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருச்சபையின் பந்தியில் எல்லாரும் சமம் என்பதை ஒரு காலனி அரசின் நீதிமன்றத்தில் போய் நிலைநாட்ட வேண்டியிருந்தது. கௌசானலை நான் மதிக்கிறேன். அவருக்கு முன்னால் இருந்த குருக்களும் அந்தச் சுவர் தவறு என்று அறியாதவர்கள் இல்லை. ஜனங்கள் பிரிந்து போய்விடுவார்கள், அமைதி கெட்டுவிடும் என்ற பயம்தான் அவர்களைத் தடுத்தது. அந்த அமைதியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் கொடுத்தார்கள்.

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் சொல்லும் ஒரு சம்பவம் இருக்கிறது. அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை எதிர்த்துக் கேட்டார். யார் எந்தத் தட்டில் சாப்பிடுவது என்ற விஷயத்தை நற்செய்தியின் உண்மையோடு சேர்த்தே பவுல் பேசுகிறார், சில்லறை விஷயமாக ஒதுக்கவில்லை. தேவசகாயத்துக்கு அந்தக் கடிதம் யாராவது படித்துக் காட்டியிருப்பார்களா தெரியாது. பேதுரு தடுமாறிய இடத்தில் அவர் தடுமாறவில்லை.

புனிதர் பட்டத்துக்கு முந்தைய சில வருடங்களில் அவர் பெயரில் இருந்த 'பிள்ளை'யைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது நினைவிருக்கும். சாதியை விட்டதற்காகச் செத்தவரின் பெயரில் சாதியை ஒட்டவைத்து ரோமில் வாசிக்கலாமா என்று சிலர் எழுதிக் கேட்டார்கள். வத்திக்கான் ஏற்றுக்கொண்டது. பட்டம் கொடுத்தபோது பெயரில் 'பிள்ளை' இல்லை. எங்கள் பக்கத்தில் அது பலருக்கு வருத்தம். தாத்தா காலத்திலிருந்து தேவசகாயம் பிள்ளை என்றுதானே சொல்லுகிறோம், அதில் என்ன கெட்டுப்போனது என்று கேட்டார்கள். அவர்கள் எல்லாரும் சாதி வெறியர்கள் என்று சொல்ல மாட்டேன். பழகிய பெயரின் மேல் பாசம் இருக்கும். ஆனால் எடுத்தது சரி. அவர் ஞானஸ்நானத்தில் வாங்கிய பெயர் தேவசகாயம், கடவுளின் உதவி. அதற்கு வால் தேவையில்லை.

இப்போது நம் காலத்துத் துன்புறுத்தல். அதைப் பேசாமல் இருக்க முடியாது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், பத்தும் ஆறும் வயதான அவர் மகன்கள் பிலிப், திமோத்தியையும் ஜீப்புக்குள் வைத்து எரித்தார்கள். 2008-இல் அதே ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்கள் மேல் கலவரம். இன்றைக்கும் வடமாநிலங்களில் வீட்டில் செபக்கூட்டம் வைத்ததற்காக அடிவாங்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லிக் குரல் எழுப்ப நமக்கு எல்லா உரிமையும் உண்டு, எழுப்பத்தான் வேண்டும். கிரகாமின் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலைகாரர்களை மன்னித்தேன் என்று சொன்னார். அதோடு, மன்னிப்பு வேறு, குற்றத்துக்கான விளைவு வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்றும் சொன்னார். அப்புறம் பாரிபடாவில் தொழுநோயாளர்களுக்கான வேலையைத் தொடர்ந்து பார்த்தார். மன்னிப்பு என்ற பெயரில் நீதியைக் கைவிடச் சொல்பவர்களுக்கும், நீதி என்ற பெயரில் வெறுப்பை வளர்ப்பவர்களுக்கும் அந்த அம்மா ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டார்.

ஆனால் எல்லா இடைஞ்சலும் துன்புறுத்தல் ஆகாது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிப் போலீஸ் வந்தால் அது வேதகலாபனை இல்லை. கணக்குக் கேட்டுத் தணிக்கை வந்தால் அதுவும் இல்லை. திருடனாகவோ அடுத்தவர் காரியத்தில் தலையிடுகிறவனாகவோ துன்பப்படாதீர்கள், கிறிஸ்தவராய் இருப்பதால் துன்பப்பட்டால் வெட்கப்பட வேண்டாம் என்று பேதுருவே தன் முதல் திருமுகத்தில் பிரித்துச் சொல்கிறார். மேடையில் தேவசகாயத்தின் பெயரைச் சொல்லும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. அவர் பட்டது சொந்தத் தவறுக்காக இல்லை. சொந்த வசதிக்காகவும் இல்லை.

வெளியிலிருந்து விழும் கல்லைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு, உள்ளே நாமே வைத்திருக்கும் கல்லைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. சீக்கியர்களுக்கு 1956-இலும், பௌத்தர்களுக்கு 1990-இலும் திருத்தம் வந்தது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வரவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, அப்புறம் எதற்குச் சலுகை என்று அரசு கேட்கிறது. அதை எதிர்த்து நம் ஆயர்கள் கறுப்புக் கொடி பிடிக்கிறார்கள், சரியான காரியம். அதே ஆயர்களின் மறைமாவட்டங்களில், தேர் போகாத தெரு இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிறது. சட்டம் இவர்களைப் பார்த்து "நீங்கள் கிறிஸ்தவர்கள், உங்களுக்குச் சாதி இல்லை" என்கிறது. பங்கு, அதாவது ஊர்க் கோயில் சபை, இவர்களைப் பார்த்து "நீங்கள் இன்ன சாதி, உங்கள் இடம் அங்கே" என்கிறது.

என் வீட்டுக் கதை ஒன்று. பெரியம்மையின் மகன், எனக்குத் தம்பி முறை, வேலை பார்த்த ஊரில் ஒரு நர்ஸைக் காதலித்துக் கல்யாணம் பண்ணினான். அவளும் கத்தோலிக்கப் பிள்ளைதான், தலித் குடும்பம். கல்யாணத் திருப்பலிக்கு வந்த எங்கள் சொந்தக்காரர்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துவிடலாம். நடுவில் நின்று எல்லாரையும் வரவிடாமல் பண்ணியவர் எனக்கு மாமா முறை. கோயிலில் வாசகம் வாசிக்கிறவர், திருவிழாவுக்கு முன்னால் நிற்கிறவர். அதற்குப் பிறகு பெரியம்மையின் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் ஆள் வரவில்லை. பெரியம்மை ஞாயிற்றுக்கிழமை தவறாமல், முந்தி உட்கார்ந்த அதே இடத்தில், மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. அந்த வரிசையில் வேறு யாரும் வந்து உட்கார மாட்டார்கள். வருடக்கணக்கில் அப்படி நடந்தது. யாரும் பத்திரிகையில் எழுதவில்லை, யாரும் அதைத் துன்புறுத்தல் என்று சொல்லவில்லை.

அந்த மாமாவுக்குச் சர்க்கரை முற்றி, காலில் விரல் எடுத்து, புண் ஆறாமல் படுக்கையில் கிடந்தார். தினமும் கட்டு மாற்ற வெளியிலிருந்து ஆள் வைக்க வசதி இல்லை. வீட்டுக்காரர்களுக்குப் பயம், அருவருப்பு. தம்பி பெண்டாட்டி தானாகப் போய்ச் செய்தாள். டியூட்டி முடிந்து வரும் வழியில் போவாள், சுத்தம் பண்ணுவாள், கட்டுவாள், வந்துவிடுவாள். அந்த வீட்டில் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூட ஆரம்பத்தில் யாருக்கும் கை வரவில்லை. மாமா கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பெரியம்மையின் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எதுக்குப் பிள்ளே போறே, அவரு மாறவா போறாரு என்று அவளிடம் கேட்டேன்.

"அவரு மாறணும்னு நான் போகல்ல மைனி. புண்ணு நாறிச்சு, போனேன்" என்றாள்.

அவளைப் பற்றி நான் இங்கே நிறுத்திவிட்டால், பொறுமையான மருமகள், எல்லாம் மறந்து சேவை செய்தாள் என்று ஒரு பிரசங்கம் பண்ணிவிடலாம். எங்கள் பங்கில் ஒருவர் பண்ணவும் செய்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்றால் அதே வருடம்தான் அவள் இன்னொரு காரியமும் செய்தாள். அவளுடைய அப்பா இறந்தபோது, அவர் பிறந்த பங்கின் கல்லறைத் தோட்டத்தில், வேலிக்கு அந்தப் பக்கம்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். புதைத்துவிட்டு வந்த கையோடு ஆயருக்கு மனு எழுதினாள். பங்குப்பேரவைக்கு எழுதினாள். வேலியை எடுக்க வேண்டும், இனிமேல் வரிசைப்படி இடம் கொடுக்க வேண்டும், வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் பங்கில் இருந்தவர்கள் சொன்ன பதில்: "மாமாவுக்கே கட்டுப் போட்ட நல்ல மனசு உனக்கு. இதையும் பொறுத்துக்கோ. ஆண்டவரே எல்லாத்தையும் பொறுத்தாரே."

எனக்கு இந்தப் பதில்மேல்தான் தீராத கோபம். துன்பத்தைத் தாங்குவது என்பது துன்பம் தருகிறவனுக்கு வசதி செய்து கொடுப்பது இல்லை. தேவசகாயம் பொறுத்தார், உண்மை. ஆனால் பொறுத்த மூன்று வருடத்தில் ஒருநாள்கூட, சரி, இனிமேல் தனியாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சங்கிலி அவிழ்ந்திருக்கும். அடித்தவனுக்காகச் செபித்தார், எதற்காக அடித்தானோ அதை விடவில்லை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் போதிக்கிறவர்கள், அநேகமாக அடிபடாதவர்கள்.

அவள் இரண்டையும் செய்கிறாள். மாமாவின் காலுக்கும் போனாள், மனுவையும் வாபஸ் வாங்கவில்லை. இரண்டும் ஒரே மனசிலிருந்துதான் வருகின்றன என்பது அவளுக்குத் தெளிவாக இருக்கிறது. பிரசங்கம் கேட்கும் நமக்குத்தான் குழப்பம்.

வேலி இன்னும் இருக்கிறது. மனுவுக்குப் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரிப் பதில் வந்தது. இந்த முறை அவளோடு அந்தப் பங்கில் வேலிக்கு இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. இது முன்னால் நடக்காதது. எங்கள் அன்பியத்திலும், அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுவிலும், கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். சிலர் போட்டார்கள், சிலர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், பிறகு வா என்றார்கள். பிறகும் போவோம். ஆயரிடம் நேரில் கொடுக்கத் தேதி கேட்டிருக்கிறோம்; பெரியம்மையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.